ஒட்டிய தோல் பிடிப்பதற்கு

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து சேலையிலோ சாக்குத் திரையிலோ தீப்பற்றுவது நொடிப்பொழுதில் முடிந்துவிடும். அதற்கான வைத்தியமோ ஓரிரு வருடங்கள் நீளக்கூடியது. இதில் டொக்டரின் பங்கு சில மணித்தியாலங்கள்தான். மீதி முழுவதும் வீட்டாருடைய வேலை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின் பின்னர் மலையகத்தில் வீடு இழந்து, தற்காலிக இடங்களில் ஒரே அறைக்குள் சமையலும் படுக்கையுமாக இருக்க நேர்ந்த குடும்பங்களுக்கு இது நன்கு விளங்கும்.

முதலில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுட்ட இடத்தில் ஓடும் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடங்கள் ஊற்றுங்கள். உடனே முடியாவிட்டாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் ஊற்றினால் பலனுண்டு. வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், அரைநாண் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, மை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியுலன்சை வரவழையுங்கள்.

மேலோட்டமான காயம் இரண்டு மூன்று கிழமைகளில் தானாகவே ஆறும். தோலின் முழு ஆழமும் வெந்துபோனால் அங்கே புதிய தோல் முளைக்க வேரில்லை. அப்போதுதான் தோல் ஒட்டுச் சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது. புசல்லாவைப் பக்கத்து நோயாளிகள் பெரும்பாலும் கம்பளை வழியாகக் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பப்படுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் பஸ்ஸிலும் இழந்துபோகும் நாட்சம்பளத்திலும்தான். ஆகவே ஒருவரே கடைசி வரை நிற்காமல், உறவினர்கள் முறை போட்டு நிற்பது நல்லது. சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் டொக்டர் வாட்டுக்கு வரும் நேரத்தில் கூட இருக்க வேண்டும். "விளங்கியதா?" என்று கேட்டால் விளங்காமலே தலையாட்டும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. இந்த நோயில் அது ஆபத்தானது.

"என் தோலை எடுத்து என் பிள்ளைக்கு வையுங்கள்" என்று தாய்மார் கெஞ்சுவதுண்டு. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எரிகாயமடைந்த ஒரு பெண்ணுக்கு, உடன்பிறந்த சகோதரனின் தோலையே ஒட்டிப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. இரண்டாம் முறை ஒட்டியபோது இன்னும் விரைவாக அழிந்துபோனது. அதை ஆராய்ந்த பீற்றர் மெடவார் என்ற விஞ்ஞானிக்கு இத்துறையில் செய்த பணிக்காக 1960 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர் தவிர, பிறருடைய தோல் நிலைக்காது. எனவே நோயாளியின் சொந்தத் தொடையிலிருந்தே மெல்லிய தோலைச் சீவி எடுப்பார்கள். தோல் கொடுக்க முடியாத தாய் வேறு எதைக் கொடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நாற்று நட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிடுங்கி நட்ட நாற்று முதல் சில நாள் சோர்ந்தே நிற்கும், வேர் பிடித்த பின்தான் நிமிரும். ஒட்டிய தோலும் முதல் இரண்டு நாட்கள் கீழிருந்து கசியும் நீரில்தான் உயிர் வாழ்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதற்குள் புகுகின்றன. அதற்கிடையில் தோல் சற்று நகர்ந்தாலோ, அடியில் இரத்தம் தேங்கினாலோ, கிருமி புகுந்தாலோ ஒட்டு போய்விடும். "எப்படி இருக்கிறது, பார்ப்போம்" என்று கட்டைத் தூக்கிப் பார்க்கும் உறவினரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. கட்டிலில் சாய்ந்து உட்காருவோரையும் தடுங்கள். முதற் கட்டு அவிழ்க்கும்போது தோல் வலை போலவும் ஊதா நிறமாகவும் தெரியலாம். பயப்பட வேண்டாம்.

ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடை அதிகம் நோகும். அங்கே நரம்பு முனைகள் திறந்து கிடக்கின்றன. அந்தக் கட்டு காயத்தோடு ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். சுமார் இரண்டு கிழமையில் அடியில் ஆறியதும் தானாகக் கழன்றுவிடும்.

உணவைப் பற்றி நம்மிடையே உள்ள பத்தியம் மிகவும் தவறானது. காயக்காரனுக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, சீழ் வைக்கும் என்று சொல்லி வெறுங் கஞ்சி கொடுக்கிறோம். பெருங்காயம்பட்ட உடல் வழக்கத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகச் சக்தியைச் செலவிடும். புதுத் தோலைக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, நெத்தலி, சோயா, கௌபி, கச்சான், பால் என எது கைக்கு எட்டுகிறதோ அதைச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுங்கள். பீடி, சிகரட்டை நிறுத்தச் சொல்லுங்கள். புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

வீடு வந்த பிறகுதான் பெரிய போராட்டம் தொடங்குகிறது. ஆறும் தோல் சுருங்கப் பார்க்கும். நோயாளிக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையிலேயே மூட்டு இறுகிவிடும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்தால் நாடி நெஞ்சோடு ஒட்டும். தலையணையை எடுத்துவிட்டு, தோள்களுக்கு அடியில் துணியைச் சுருட்டி வையுங்கள். அக்குள் வெந்தால் கை உடலிலிருந்து விலகி நீட்டியபடி இருக்க வேண்டும். முழங்காலின் பின்புறம் வெந்தவருக்கு அடியில் தலையணை கொடுப்பது அன்பு போலத் தோன்றும். ஆனால் அந்தக் கால் பிறகு நீளாது. கொடுத்த சிம்பை இரவிலும் கழற்றாதீர்கள். பிசியோதெரபியில் காட்டித் தந்த பயிற்சியை ஒரு நாளில் பல தடவை செய்விக்க வேண்டும். பிள்ளை அழும். "பாவம், இன்றைக்கு விடுவோம்" என்று பாட்டி சொல்வார். அப்படி விட்ட நாட்கள் சேர்ந்துதான் கொழுந்து பறிக்க முடியாத கையாகின்றன. சிறுபிள்ளையாயின் எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது. வளர்ச்சி முடியும் வரை கிளினிக் போக வேண்டியிருக்கும்.

இறுக்க ஆடை கொடுத்தால் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் அணிய வேண்டும். தழும்பு தாங்க முடியாமல் அரிக்கும். நகத்தை வெட்டிவிட்டு, புண் முழுதும் மூடிய பின் தேங்காய் எண்ணெய் பூசி மெதுவாகத் தேய்த்து விடுங்கள். காலில் ஒட்டியிருந்தால் கட்டுச் சுற்றாமல் நிற்க விடாதீர்கள். ஒட்டிய தோலில் வியர்வை வராது, சூடும் சரியாக உணராது. ஆகவே உச்சி வெயிலில் வேலை கூடாது. அடுப்பருகே கவனம் வேண்டும்.

மனக்காயத்துக்குத் தெரிந்த கட்டு இல்லை. பார்க்க வருபவர் ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று கேட்டால் அவர் ஒவ்வொரு முறையும் எரிகிறார். கண்ணாடியை ஒளிக்கவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையாயின், அவன் போகுமுன் நீங்கள் போய் ஆசிரியருடன் பேசுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எல்லாத் தீயும் விளக்கால் வந்ததல்ல. வீட்டுச் சண்டையில் ஊற்றப்பட்ட எண்ணெயும் உண்டு, தானே ஊற்றிக்கொண்டதும் உண்டு. அப்படியானவரிடம் "விளக்கு விழுந்தது என்று சொல்" எனச் சொல்லிக் கொடுத்து, கட்டில் ஓரத்தில் காவல் நிற்பது உதவி அல்ல. டொக்டரிடம் தனியாகப் பேச அவருக்கு இடம் விடுங்கள்.

நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பி விளக்கால் எரிந்து வந்தவர்களைக் கண்டு கண்டு, 1992 முதல் பாதுகாப்பான விளக்கு ஒன்றைப் பரப்பினார். 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. குட்டையான மார்மைட் போத்தலைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. விளக்கு குட்டை, பாரம் கூட, கண்ணாடி தடிப்பு. இரு பக்கமும் தட்டையாதலால் சரிந்தாலும் உருளாது. திருகு மூடியாதலால் எண்ணெய் கொட்டாது. அது கிடைக்காவிட்டால், உயர்ந்த மெல்லிய போத்தலில் திரி போடுவதையாவது இன்றிரவே நிறுத்துங்கள். எரியும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள். பிள்ளைகள் படுக்கும் பாய்க்கும் விளக்குக்கும் இடையில் ஒரு பெரியவர் படுத்துக்கொள்ளுங்கள்.