மூன்றே கலரில் ஒரு பாட்டி

கோடை விடுமுறைக்குக் கோபர்கைரனே வந்திருந்த என் பேத்தி, கட்டம் போட்ட கணக்கு நோட்டை நீட்டினாள். "தாத்தா, 16 கட்டம் அகலம், 16 கட்டம் உயரம், மூணே கலர். ஒரு ஆளை வரைங்க, பார்க்கலாம்!"

பழைய வீடியோ கேம் பொம்மைகளை இப்படித்தான் வரைந்தார்களாம். 256 கட்டம் தாராளம் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். மூக்கை வைத்ததும் வாய்க்கு இடமில்லை.

"மீசை வெச்சிடுங்க தாத்தா, வாயே வேண்டாம்" என்றாள்.

அது அவள் சொந்த யோசனை அல்ல. 1981இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனிக்காக 'டாங்கி காங்' விளையாட்டை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவின் யுக்தி. வாய்க்குப் பதில் மீசை. தலைமுடி வரையும் தொல்லைக்குப் பதில் தொப்பி. கை வீசுவது உடம்போடு கலந்துவிடாமல் தெரிய, உடுப்பில் இரண்டு நிறம். உலகறிந்த மாரியோவின் முகம் பற்றாக்குறையில் பிறந்ததுதான்! 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இன்னும் சிக்கனம். அதில் மேகமும் புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். (நம் வீட்டில் பழைய புடவை தலையணை உறையாவது போல!)

பேத்தி தன் பாட்டியை வரைந்தாள். புடவைக்கு அரக்கு, முகத்துக்கு மாநிறம், கண்ணுக்குக் கறுப்பு. மூன்றும் தீர்ந்தது.

"நரைக்கு?" என்றேன்.

"கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். நோட்டு வெள்ளைதானே!"

விளையாட்டில் காலிக் கட்டம் என்றால் பின்னால் இருப்பது தெரியும். பாட்டியின் தலை வழியே ஆகாயம் தெரியுமே என்று நான் சொன்னதுதான் தாமதம், அடுக்களையிலிருந்து குரல் வந்தது:

"கறுப்புதான் கையில இருக்கே, அதையே தலைக்கும் பூசேன்டி!"