நால்வரில் ஒருவரின் வீட்டுக் கணினி

மக்களின் பாஸ்வேர்டுகளைப் பூட்டிக் காப்பதுதான் லாஸ்ட்பாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொழில். 2022 ஆகஸ்டில் அதன் மென்பொருள் பொறியாளர் ஒருவரின் அலுவலக லேப்டாப் வழியாக நுழைந்த திருடர்கள், சுமார் 200 சோர்ஸ் கோடு தொகுப்புகளில் 14-ஐ அள்ளிச் சென்றார்கள். வாடிக்கையாளர் தகவல் போனதற்கு அறிகுறி இல்லை என்று நிறுவனம் அப்போது ஆறுதல் சொன்னது.

கோடு போனால் என்ன என்று கேட்கலாம். களவு போனவற்றுக்குள் கிளவுட் சேமிப்பகத்தைத் திறக்கும் குறிச்சொற்கள் சங்கேத வடிவில் இருந்தன. அவற்றைப் பிரிக்கும் சாவி நான்கே பொறியாளர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அந்த நால்வரில் ஒருவரின் வீட்டுக் கணினியைத் திருடர்கள் தேடிப்போனார்கள்.

அதில் படங்கள், பாடல்களைச் சேர்த்துவைத்துப் பார்க்க உதவும் பிளெக்ஸ் மென்பொருள் இருந்தது. அதன் ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2020 மே மாதமே வந்துவிட்டது. அந்தக் கணினியில் மட்டும் ஏறவில்லை. ஓட்டை வழியே வந்த கீலாகர், அவர் கீபோர்டில் தட்டியதையெல்லாம் குறித்துக்கொண்டது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அவர் ஒழுங்காகவே முடித்தார். அந்தச் சாவி இருந்த பெட்டகத்தைத் திறக்க அவர் தட்டிய முதன்மைப் பாஸ்வேர்டோ திருடர் கையில். கடைசியில் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டு பெட்டகங்களுடைய பேக்கப் பிரதிகளே பறிபோயின.

வீட்டிலிருந்து வேலை செய்ய, அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான வழி போடும் விபிஎன் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. அது நடுவழியைத்தான் காக்கும். வழி தொடங்கும் கணினியிலேயே திருடன் உட்கார்ந்திருந்தால் அவனையும் சேர்த்தே அழைத்துப்போகும். அதனால்தான் பல நிறுவனங்கள் சோர்ஸ் கோடை ஊழியரின் வீட்டுக்கே அனுப்புவதில்லை. கோடு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், ஊழியர் பார்ப்பது திரையின் பிம்பத்தை மட்டும். பென் டிரைவ் செருக முடியாது, காப்பி செய்து வெளியே எடுக்க முடியாது. 2009-இல் தாக்கப்பட்ட கூகுள் இன்னொரு வழியைத் தேர்ந்தது: அலுவலகத்துக்குள்ளிருந்தே வந்தாலும், ஆளையும் கணினியையும் ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே அனுமதி.

இந்தக் கெடுபிடிகள் ஊழியருக்கு எரிச்சலூட்டும்தான். ஆனாலும் தேவை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: குடும்பமே புழங்கும் கணினியில் நிறுவனத்தின் உயிர்நாடியைத் திறக்க அனுமதித்துவிட்டு, பழியை ஊழியர் தலையில் கட்டுவது நியாயமில்லை. தனிக் கணினி தருவது நிறுவனத்தின் பொறுப்பு.

எல்லாம் நடந்து முடிந்த பிறகு லாஸ்ட்பாஸ் செய்த வேலைகளில் ஒன்று, அந்தப் பொறியாளரின் வீட்டு நெட்வொர்க்கைப் பலப்படுத்த உதவியது.