பழைய குளக்கட்டும் மரத்தடிக் கோவிலும்: இயந்திரம் வருமுன் செய்யவேண்டியவை

இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஊர் திரும்பியதும் முதலில் கேட்பது, "குளம் எப்போது திருத்துவார்கள்?" என்பதே. குளம் இல்லாமல் வயல் இல்லை. ஆனால் குளத்தைத் திருத்த வரும் இயந்திரமே பழைய கட்டையும் ஐயனார் கோவிலடியையும் அழித்துவிடக்கூடும். வெளியூரிலிருந்து வரும் சாரதிக்கு அந்த மேடு வெறும் கிரவல் மண்ணாகவே தெரியும்.

பழைய கட்டு அறிவோடு கட்டப்பட்டது. வயலுக்கு நீர்விடத் துருசும், மிஞ்சிய நீர் பாய வானும் அதில் உண்டு. பெரிய குளங்களின் துருசுகளில் நீரைக் கட்டுப்படுத்தச் சதுரக் கிணறு அமைத்தார்கள். சிங்களத்தில் அதனைப் 'பிசோ கொட்டுவ' என்பர்.

மகாவலித் திட்டத்தின் கீழ் 1983இல் நிறைவுபெற்ற மாதுறு ஓயா அணை இதற்கு நல்ல சான்று. அங்கே நிலத்தைத் துப்புரவாக்கியபோது, உடைந்துபோன பண்டைய மண்ணணையும் செங்கல் துருசும் வெளிப்பட்டன. அவற்றை அழித்துவிடாமல் பாதுகாத்தார்கள். பழைய துருசைப் புதிய அணையின் அருகே இன்றும் காணலாம். திட்டமும் நடந்தது, பழமையும் தப்பியது.

மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தருகே 2016இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் பழைய குடியிருப்புச் சான்றுகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்தன. குளத்தருகே மக்கள் வாழ்ந்த கதை இப்படி மண்ணுக்குள் கிடக்கிறது. மண்ணை ஒருமுறை அள்ளி வீதிக்குப் போட்டுவிட்டால் அந்தக் கதை திரும்பாது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருட்களாகும். 1998இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, குறிப்பிட்ட அபிவிருத்தித் திட்டங்களைத் தொடங்குமுன் தொல்பொருட் பாதிப்பு மதிப்பீடு நடைபெற வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஊர்ப் பெரியவர்களோடு குளத்தைச் சுற்றி நடந்து, பழைய கட்டு, துருசு, கோவிலடி, மயானம் ஆகியவற்றை ஒரு படத்தில் குறியுங்கள்.

2. அந்தப் படத்தைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஏற்று, பிரதேச செயலாளருக்கும் வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் கையொப்பமும் திகதியும் பெறுங்கள்.

3. மண் எங்கிருந்து எடுக்கப்படும் என்பதை வேலை தொடங்குமுன் கேளுங்கள்.

4. வேலையின்போது செங்கல், கல்வெட்டு, உருவம் ஏதும் வெளிப்பட்டால் கிண்டாமல், நகர்த்தாமல், உடனே அறிவியுங்கள்.

"அறிவித்தால் காணி பறிபோகுமோ?" என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைச் சிறிதாக எண்ணக்கூடாது. ஆகவே உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். எந்த எல்லைக்கல்லும் நடப்படுமுன் அளவை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். தனித்தனியே போகாமல் அமைப்பாகச் செல்லுங்கள்.

முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குளத்தின் பழைய பெயர்கள் தெரியாது. அறிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர். அந்தப் படத்தை இந்தப் போகத்துக்குள்ளேயே வரைந்துவிடுங்கள்.