எந்தக் கிழமை, பாட்டி?

"மருந்து எடுத்துக் கொடுக்க ஆறு வருஷம் படிக்கணுமா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அண்ணன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஃபார்ம் டி சேர ஆசைப்படுகிறாள். மருந்தாளுநர் படிப்பு நடத்துகிறவன் என்பதால் என்னிடம் வந்திருந்தார். இன்னொரு டீக்குச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு மாத்திரையை வைத்துப் பேசுவோம் அண்ணா என்றேன்.

மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரை. அந்த நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். நம் ஊர் மருந்துச் சீட்டில் காலை, மதியம், இரவு என்பதை 1-0-1, 1-0-0 என்று எழுதுவது வழக்கம். பக்கத்தில் 'வாரம் ஒருமுறை' என்பது விடுபட்டாலோ, அவசர எழுத்தில் கண்ணில் படாமல் போனாலோ, 1-0-0 என்பதைப் பார்ப்பவர் தினமும் காலையில் ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தினமும் போட்டால் என்ன ஆகும்? நம் செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். இந்த மருந்து அதன் வேலையைத் தடுக்கிறது. அதனால் செல்கள் வேகமாகப் பெருகுகிற இடங்கள்தான் முதலில் அடி வாங்கும்: வாய், குடல், எலும்பு மஜ்ஜை. வாய் புண்ணாகும். வெள்ளையணுக்கள் குறையும். அப்புறம் சாதாரணக் கிருமியே உயிரை எடுத்துவிடும். இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். கண் மங்கிய ஒருவர் கையில் இரண்டு மஞ்சளைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தேர்வில் கேட்டால் வகுப்பே சரியாக எழுதும். கடை மேசைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் கை தவறுகிறது. அதனால் வகுப்பில் நானே நோயாளியாக உட்கார்ந்துகொள்வேன். மாணவர் வந்து, "வாரத்துக்கு ஒரு தடவை போடுங்க, புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுதுப்பா" என்பேன். அவர் நிம்மதியாகத் திரும்புவார். ஆனால் புரியாதவரும் அதே பதிலைத்தானே சொல்வார்? வெள்ளைக் கோட்டுக்கு முன்னால், பின்னால் ஆள் நிற்கும்போது, "புரியலை" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு சுகாதாரச் சேவையில் வேலை பார்த்த மருந்தாளுநர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சொல்வதைக் குறைத்து மூன்று கேள்வி கேட்பது. டாக்டர் இதை எதற்கு என்று சொன்னார்? எப்படிப் போடச் சொன்னார்? போட்டால் என்ன ஆகும் என்றார்? இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் சொல்லித் தப்ப முடியாது. கடைசியாக, "வீட்டுக்குப் போய் மருமகள்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்கச் சொல்வேன். அந்த ஒரு கேள்வியில் தப்பெல்லாம் வெளியே வந்துவிடும்.

இதைவிடக் கடினமான பயிற்சி, டாக்டருக்கு ஃபோன் செய்வது. சீட்டில் கிழமை இல்லை. கேட்டே ஆக வேண்டும். இருபது வயதுப் பிள்ளைக்குக் குரல் நடுங்கும். "சார், நோயாளி பேரு இது, மெத்தோட்ரெக்சேட் 1-0-0னு இருக்கு, வாரம் ஒருமுறைதானே, எந்தக் கிழமைன்னு சொல்றீங்களா?" இந்த ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்ல வைக்கப் பல நாள் ஆகும். அந்த நாட்கள் வீண் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

டிப்ளமோ படிப்புக்கே 500 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. 2008-இல் வந்த ஃபார்ம் டி-யில் ஆறாவது வருஷம் முழுக்க மருத்துவமனையில்தான். வார்டில் நோயாளியின் மாத்திரைப் பையை அப்படியே கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிய வலி மாத்திரை அங்கேதான் அகப்படும். சிறுநீரகம் தளர்ந்த வயதில் அது மெத்தோட்ரெக்சேட்டை உடம்பிலேயே தேங்க வைக்கலாம். சீட்டை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

போன மாதம் ஒரு மாணவி, பாட்டி ஒருவரிடம், "எந்தக் கிழமை போடுவீங்க?" என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போற நாளு, மறக்காது" என்றார் பாட்டி. டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, கவர் மேல் கொட்டை எழுத்தில் 'வெள்ளி மட்டும்' என்று எழுதினாள்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ அந்த இன்னொரு மஞ்ச மாத்திரை? அது எந்தக் கிழமைன்னு கேட்கலையா?"

அவளும் அடுத்து அதைத்தான் கேட்டாள்.