உறைக்குள் இரண்டு பெயர்

1969 ஏப்ரல் 14. லாஸ் ஏஞ்சலஸில் டாரத்தி சாண்ட்லர் பெவிலியன் அரங்கம். ஆஸ்கர் விழா அந்த அரங்கத்துக்குக் குடிவந்த முதல் வருடம் அது. சிறந்த நடிகைக்கான உறை இங்க்ரிட் பெர்க்மன் கையில். பிரிக்கிறார், படிக்கிறார், அப்படியே திகைத்துப் போகிறார். எத்தனையோ மேடைகளைப் பார்த்த மகாநடிகை, முகத்தில் ஏறிய ஆச்சரியத்தை மறைக்க முயலவே இல்லை. “டை!” என்கிறார். அரங்கமே ‘ஆ’ என்கிறது. உறைக்குள் இரண்டு பெயர்! ஒன்று காதரின் ஹெப்பர்ன். இன்னொன்று பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட்.

அந்தப் பழைய ஒளிப்பதிவை எப்போது போட்டுப் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முடிவு தெரிந்த கதைதான், ஆனாலும் பெர்க்மன் உறையைப் பிரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்த ஐந்து நிமிடங்களைச் சுற்றி நடந்த சங்கதிகள் அத்தனை ருசியானவை. வாருங்கள், மேடைக்குப் பின்பக்கம் போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் அந்த உறை. ஆஸ்கர் விழாவின் ஆரம்ப காலத்தில் உறை என்று ஒன்று கிடையாது. வெற்றியாளர் பட்டியலை முன்கூட்டியே பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள், விழா முடியும்வரை வெளியிடக் கூடாது என்பது ஏற்பாடு. 1940-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தன் மாலைப் பதிப்பில் பட்டியலைப் போட்டு உடைத்துவிட்டது. விருந்தினர்கள் விழாவுக்கு வந்துகொண்டிருக்கும்போதே யாருக்கு என்ன என்று தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த வருடம் பிறந்ததுதான் முத்திரையிட்ட உறை. வாக்குகளை எண்ணும் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் கணக்காளர்களைத் தவிர வேறு யாருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. 1969-ல் இரண்டு பெயரும் சரிசமமாக வந்து நின்றபோது அந்தக் கணக்காளர்கள் எத்தனை முறை திரும்பத் திரும்ப எண்ணியிருப்பார்கள்! நினைத்தாலே சிரிப்பும் படபடப்பும் சேர்ந்து வருகிறது.

நடிப்புப் பிரிவில் இப்படி நடந்தது அது முதல் முறை அல்ல. 1932-ல் ஃப்ரெட்ரிக் மார்ச், வாலஸ் பீரி இருவருக்கும் சிறந்த நடிகர் விருது போனது. அங்கே ஒரு சின்ன ரகசியம் உண்டு. மார்ச்சுக்கு ஒரே ஒரு வாக்கு அதிகம். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் சமம் என்றே எடுத்துக்கொள்வது அன்றைய விதி. பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள். ஆகவே 1969-ல் வந்தது அச்சு அசல் சமம், ஒரு வாக்குகூட முன்பின் இல்லை.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள்தான் வாக்களிப்பார்கள். வழக்கமாக நாலு படத்தில் நடித்துப் பேர் வாங்கியவர்களைத்தான் உறுப்பினராகச் சேர்ப்பார்கள். ஸ்ட்ரைசாண்டையோ, அவருடைய முதல் படம் ‘ஃபன்னி கேர்ள்’ திரைக்கு வருவதற்கு முன்பே சேர்த்துவிட்டார்கள். அப்போது அகாடமியின் தலைவர் கிரிகரி பெக். பிராட்வே மேடையில் கொடிகட்டிப் பறந்துவிட்டு வருகிற ஒருவரைக் காக்க வைப்பானேன் என்பது அவர்கள் நியாயம். அதனால் அந்த வருடம் ஸ்ட்ரைசாண்ட் கையிலும் ஒரு வாக்குச்சீட்டு இருந்தது. அதில் அவர் தன் பெயரையே குறித்திருந்தால், அந்த ஒற்றை வாக்குதான் அவரை ஹெப்பர்னின் தோளுக்குச் சமமாக ஏற்றியிருக்கும். அது இல்லாமல் போயிருந்தால் ஹெப்பர்ன் தனியாக ஜெயித்திருப்பார்!

ஹெப்பர்ன் அன்று அரங்கத்திலேயே இல்லை. வாழ்நாளில் நான்கு ஆஸ்கர் வாங்கிய அவர், ஒன்றைக்கூட மேடையேறி நேரில் வாங்கியதில்லை. அன்று கிடைத்தது மூன்றாவது. அதை வாங்கித் தந்த ‘தி லயன் இன் விண்டர்’ படத்தின் இயக்குநர் ஆன்டனி ஹார்வி அவர் சார்பில் வந்து நின்றார். ஒரு பக்கம் 61 வயதில், முந்தைய வருடம்தான் இதே விருதை வாங்கிய பெருமாட்டி. இன்னொரு பக்கம் 27-ஐத் தொடப் பத்து நாள் மிச்சமிருக்கும் புதுமுகம், முதல் படம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது அந்த வாக்கு எண்ணிக்கை. ஸ்ட்ரைசாண்ட் தனியாக ஜெயித்திருந்தால் அது ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான். ஹெப்பர்னோடு சேர்ந்து ஜெயித்ததால்தான் அது சரித்திரம் என்பேன்.

உடையைச் சொல்லாமல் விட முடியுமா? அர்னால்ட் ஸ்காசி வடிவமைத்த கறுப்பு மினுக்கு உடை. சட்டையும், கீழே அகன்று விரியும் பெல்பாட்டமும், வெள்ளைக் காலரும். உள்ளே தோல் நிறத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். மேடை விளக்கு பட்டதும் அந்தத் துணி இருந்த இடமே தெரியவில்லை, உடை கண்ணாடியாகிவிட்டது. போதாக்குறைக்குப் படியேறும்போது கால் தடுக்கியது. விளக்கு படும்போது இப்படி ஆகும் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் பிறகு சொன்னார். உலகம் முழுக்கப் படம் போட்டார்கள். அவரோ மேடையில் கொஞ்சமும் அசரவில்லை. தங்கச் சிலையைப் பார்த்து “ஹலோ, கார்ஜஸ்” என்றார். ‘ஃபன்னி கேர்ள்’ படத்தில் அவர் கண்ணாடியைப் பார்த்துப் பேசும் முதல் வசனமே அதுதான்! படம் பார்த்த அத்தனை பேரும் அந்த நொடியில் குதித்திருப்பார்கள். அடுத்த மூச்சில் ஹெப்பர்னோடு இப்படிச் சேர்ந்து நிற்பது தனக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்றும் சொன்னார்.

அந்த விழாவைத் தயாரித்தவர் யார் என்று பார்த்தால் இன்னொரு இன்ப அதிர்ச்சி. கோவர் சாம்பியன். 1964-ல் ‘ஹலோ, டாலி!’ நாடகத்தை பிராட்வேயில் இயக்கியவர். அதே வருடம்தான் ‘ஃபன்னி கேர்ள்’ நாடகமும் விண்டர் கார்டன் அரங்கில் ஏறியது. டோனி விருதுக்கு எட்டுப் பரிந்துரை பெற்று, ஒன்றுகூட இல்லாமல் திரும்பியது. பத்து டோனிகளை அள்ளியது ‘ஹலோ, டாலி!’ சிறந்த நடிகை விருது அதன் நாயகி கேரல் சானிங்குக்கு. காலம் போடும் கணக்கைப் பாருங்கள். ஐந்து வருடம் கழித்து, சாம்பியன் கட்டிய மேடையில் ஏறி ஸ்ட்ரைசாண்ட் ஆஸ்கர் வாங்குகிறார். அதற்குள் ‘ஹலோ, டாலி!’ திரைப்படத்திலும் நாயகியாக நடித்து முடித்திருந்தார்.

சரி, யார் இந்தப் பெண்? நியூயார்க்கின் புரூக்ளினில் 1942-ல் பிறந்தவர். பதினைந்து மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்தவர். பார்பரா என்ற பெயரில் ஒரு எழுத்தைக் கழற்றிவிட்டு பார்ப்ரா ஆனவர். பதினாறு வயதில் பள்ளியை முடித்துவிட்டு, நடிகையாகியே தீருவது என்று மன்ஹாட்டனுக்குக் கிளம்பினார். பாடகியாக அல்ல, நடிகையாக! நடிப்புக்குக் கதவு திறக்கவில்லை. 1960-ல் கிரீனிச் வில்லேஜில் ஒரு மதுக்கூடத்தில் பாட்டுப் போட்டி வைத்தார்கள். போய்ப் பாடினார், ஜெயித்தார். அந்தக் குரல்தான் பிறகு ஒவ்வொரு பூட்டையும் திறந்தது. 1963-ல் வந்த முதல் இசைத்தட்டே அடுத்த வருடம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. அப்போது அவருக்கு வயது 22. 1965-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எம்மி. டோனியும் கடைசியில் வந்தது, போட்டியில் அல்ல, 1970-ல் ‘பத்தாண்டின் நட்சத்திரம்’ என்ற சிறப்பு விருதாக.

இத்தனை கைதட்டலுக்கு நடுவே ஒரு பயமும் இருந்தது என்பதை நினைத்தால் இவர் மேல் பிரியம் கூடிப்போகிறது. 1967-ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஜனத்துக்கு முன்னால் பாடும்போது பாட்டின் வரிகள் மறந்துபோயின. அதற்குப் பிறகு கட்டணக் கச்சேரிகளைப் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார். கால் நூற்றாண்டுக்கும் மேல்! 1993 கடைசி இரவில் லாஸ் வேகஸில்தான் பெரிய கட்டணக் கச்சேரிக்கு மறுபடி திரும்பினார். உலகம் கொண்டாடிய குரல், உலகத்தின் எதிரில் நிற்க அவ்வளவு நடுங்கியது.

1977-க்கு வருவோம். ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ படத்துக்காக கிதார் கற்றுக்கொள்ளத் தொடங்கியவர், அதில் விரலோட்டியபடியே ஒரு மெட்டைக் கண்டுபிடித்தார். பால் வில்லியம்ஸ் வரிகள் எழுதினார். ‘எவர்கிரீன்’ பிறந்தது. சிறந்த பாடலுக்கான ஆஸ்கர்! பாடலுக்கு இசையமைத்ததற்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். நடிகைக்கான சிலை ஒன்று, இசையமைப்பாளருக்கான சிலை ஒன்று என்று இரண்டும் ஒரே வீட்டில். இதோடு முடிந்ததா? 1978 கிராமி விழா. ஆண்டின் சிறந்த பாடல் யாருக்கு? ‘எவர்கிரீன்’, கூடவே ‘யூ லைட் அப் மை லைஃப்’. மறுபடியும் டை! அந்தப் பிரிவில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. ஒரே ஆளுக்கு ஆஸ்கரிலும் சமம், கிராமியிலும் சமம். இதை முதலில் அறிந்தபோது எனக்குத் தாங்கவில்லை, வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

கிடைக்காத விருதும் இந்தக் கதையில் உண்டு, அதைச் சொல்லும்போது மனசு கொஞ்சம் பொருமுகிறது. 1983-ல் ‘யென்டல்’. இயக்கம், தயாரிப்பு, எழுத்தில் பங்கு, நடிப்பு, பாட்டு எல்லாம் அவரே. 1984 ஜனவரியில் சிறந்த இயக்குநருக்கான கோல்டன் குளோப் கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண்! ஆஸ்கர்காரர்களோ இயக்குநர் பட்டியலில் பெயரைக்கூடச் சேர்க்கவில்லை. 1991-ல் அவர் இயக்கிய ‘தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்’ சிறந்த படம் உட்பட ஏழு பரிந்துரை பெற்றது, அதிலும் இயக்குநருக்கு இடமில்லை. ஏழு பரிந்துரை வாங்கும் படம் தன்னைத் தானே இயக்கிக்கொள்ளுமா, சொல்லுங்கள்! இயக்குநருக்கான கோல்டன் குளோப் அடுத்த பெண்ணுக்குப் போக 37 வருடம் ஆனது, 2021-ல் க்ளோயி ஜாவ்.

ஆனால் 2010 ஆஸ்கர் இரவைப் பார்த்தீர்களா? சிறந்த இயக்குநர் விருதைக் கொடுக்க அழைக்கப்பட்டவர் ஸ்ட்ரைசாண்ட். உறையைப் பிரித்தார். நேரம் வந்துவிட்டது என்று முதலில் சொன்னார், பிறகுதான் பெயரைச் சொன்னார். கேத்ரின் பிகலோ! அந்த விருதை வாங்கிய முதல் பெண் இயக்குநர். தனக்கு மறுக்கப்பட்டதை இன்னொரு பெண்ணின் கையில் வைத்தபோது ஸ்ட்ரைசாண்டின் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பாருங்கள், அப்பழுக்கில்லாத சந்தோஷம்.

2015-ல் அதிபர் ஒபாமா வெள்ளை மாளிகையில் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். 2023-ல் தன் கதையைத் தானே எழுதிப் பெரிய புத்தகமாக வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் வாழ்நாள் சாதனை விருது, கொடுத்தவர்கள் ஜெனிஃபர் அனிஸ்டனும் பிராட்லி கூப்பரும். கூப்பர் யார் தெரியும்தானே? 2018-ல் அதே ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ படத்தைத் திரும்ப எடுத்தவர்! இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த விருதைத் தருவது அமெரிக்கத் திரை நடிகர்கள் சங்கம். புரூக்ளினிலிருந்து கிளம்பிய பதினாறு வயதுப் பெண் கேட்டதும் நடிகை என்ற அந்தப் பெயரைத்தான்.