சூளை நடத்தும் வைவா!

எட்டாவது செமஸ்டர் வந்தாச்சு. ஹாஸ்டல் முழுக்க ஒரே கேள்வி... ‘மச்சி, என்ன புராஜெக்ட்?’ எம்பெடட் சிஸ்டம் எடுத்த கோஷ்டியில் பாதிப் பேரிடம் பதில் ரெடி. கோடு பார்த்து ஓடுற ரோபோ, இல்லேன்னா கை தட்டினா எரியற லைட்! ரெடிமேட் போர்டு, ரெடிமேட் ரிப்போர்ட், வைவாவில் அசட்டுச் சிரிப்பு. நாலு வருஷப் படிப்பு இப்படியா முடியணும்?

ஒரு மாறுதலுக்கு, விருத்தாசலத்துக்கு ரயில் ஏறுங்க பாஸ்!

கடலூர் மாவட்டத்தில் இருக்கிற இந்த ஊர் பீங்கானுக்குப் பேர் போனது. செராமிக் தொழிற்பேட்டை இருக்கு. செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ தர்ற அரசு நிறுவனமும் இருக்கு. களிமண்ணை அச்சில் வார்த்து, காய வெச்சு, சூளையில் சுடணும். கரன்ட் கம்பத்து இன்சுலேட்டர் மாதிரி சரக்குக்கு 1,200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடு தேவை.

சூட்டை ஏத்துறது மட்டுமில்ல, இறக்குறதும் தலைவலிதான். கலவையில் கரையாம மிஞ்சுற குவார்ட்ஸ், ஆறும்போது 573 டிகிரி பக்கத்தில் சட்டுனு சுருங்கும். அவசரப்பட்டு ஆறவிட்டா விரிசல்தான். மொத்த லோடும் குப்பைக்குப் போகலாம்!

சூளைக்குள்ளே எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சுக்கறது உலகம் முழுக்க குயவர்களோட பழைய கவலை. 1782-ல் இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட், சின்னச் சின்ன களிமண் துண்டுகள் எவ்வளவு சுருங்குதுன்னு பார்த்தே சூட்டை அளந்தார்.

இப்போ அந்த வேலைக்கு தெர்மோகப்பிள் இருக்கு. ‘கே’ டைப் வாங்கினா டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அதைப் படிக்க பசங்க வழக்கமா வாங்குற சிப் ‘மேக்ஸ் 6675’. விலை மலிவு, நெட்டில் கோடும் கிடைக்கும். ஆனா அது 1,024 டிகிரி வரைக்கும்தான் படிக்கும். சூளையோ 1,200-ஐத் தாண்டுது! லேபில் சாலிடரிங் அயர்னை வெச்சு டெஸ்ட் பண்ணினா இந்தக் குட்டு வெளியே வரவே வராது. சிப்பை மாத்தினாலும் ‘கே’ டைப் கம்பி அந்தச் சூட்டில் நாளாக நாளாகத் தப்பா காட்ட ஆரம்பிக்கும். பிளாட்டினம்-ரோடியம் கம்பிக்குப் போகணும். விலை கையைக் கடிக்கும். இந்தக் கணக்குக்குப் பேர்தான் டிசைன்!

இன்னொரு மேட்டர். கல்லூரி டெமோ பத்து நிமிஷம். சூளை ராத்திரி முழுக்க எரியும். ரெண்டு மணிக்கு மைக்ரோகன்ட்ரோலர் ஹேங் ஆனா? ‘வாட்ச்டாக் டைமர்’ அதைத் தட்டி எழுப்பும். கம்பி அறுந்துபோச்சுன்னா? அதைக் கண்டுபிடிச்சு உடனே சூட்டை நிறுத்த புரோகிராம் வேணும். ஹீட்டரை இயக்கும் ரிலே ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகலேன்னா? உங்க புரோகிராமை நம்பாம தனியா ஒரு கட்-ஆஃப் வேணும். புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் வர்ற விஷயமெல்லாம் இங்கே முதல் பக்கம்!

ஆர்வத்தில் நேரா போய் சூளையில் கை வெச்சுடாதீங்க. உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்குங்க. செராமிக் படிக்கிற ரெண்டு பேரை டீமில் சேருங்க. முதல் மாசம் எதையும் கன்ட்ரோல் பண்ண வேண்டாம். நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைப் பதிவு பண்ணுங்க, போதும். அந்த கிராஃபை சூளைக்காரர்கிட்ட காட்டுங்க. ‘இந்த இடத்துலதான் தம்பி வெடிக்குது’ன்னு அவர் விரல் வெச்சா, உங்க புராஜெக்ட் அங்கேதான் ஆரம்பம்.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினரைச் சமாளிச்சுடலாம். சூளையைச் சமாளிக்க முடியாது மக்களே!