பெயர் சொல்லும் பிள்ளையும் பெயர் பொறித்த கல்லும்

‘பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும்’ என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் பேச்சு. இறந்தாரை நினைக்கும் பொறுப்பைத் தமிழர் முதற்கண் தம் மக்களிடமே ஒப்படைத்தனர் என்பதற்கு இச்சொல் சான்று. அம்மக்களின் தொகை அருகும்போது, போர்க்காலத்தில் மாண்டவரை யார் நினைப்பது? நாட்டின் கடன் அதில் எவ்வளவு? இவ்வுரையில் நாம் ஆராயப் புகுவது இதனையே.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய போ தோட்டமும், அதன்பின் எழுந்த தோட்டங்களும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் பசுமை கண்டவை. லயத்து வீடு ஒன்றில் ஆறேழு பிள்ளைகள் வளர்ந்த காலம் அங்கு இருந்தது. இன்று கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து நகரம் சென்றனர்; அது வரவேற்கத்தக்கதே. எனினும் இடப்பெயர்ச்சி ஒன்றே காரணமன்று. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளப் பெண்ணொருவருக்குச் சராசரியாக 2.1 மகவுகள் வேண்டும். மலேசிய இந்தியரிடையே 2022இல் அவ்வீதம் ஏறத்தாழ 1.1 மட்டுமே. பெண்கள் கற்றதால் குலம் குன்றியது என மேடைகளில் புலம்புவோர் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. காலந்தாழ்ந்த திருமணம், நகர வாடகை, குழந்தை வளர்ப்புச் செலவு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாது தாயரைக் குறை கூறல் முறையன்று.

இச்சமூகம் தொகையில் குன்றியது இது முதன்முறையுமன்று. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைவிட 1947இல் மலாயா இந்தியரின் தொகை குறைந்திருந்தது. சீனரும் மலாய்க்காரரும் அதே காலத்தில் பெருகியிருந்தனர். பொருளாதார மந்தத்தில் பலர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டதும், 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததும் இதற்குக் காரணங்களே. மற்றொன்று சயாம்–பர்மா மரண இரயில்பாதை.

பான் போங்கிலிருந்து தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையை ஜப்பானியப் படை 1943 அக்டோபரில் முடித்தது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போரினால் இரப்பர் விலைபோகாது தோட்டங்களில் கூலியற்றுக் கிடந்தோரை ஆசை காட்டி அழைத்தனர். பின்னர் வழியில் கண்டோரைப் பிடித்தும் ஏற்றினர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிச் சென்றன. நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் அதனினும் பன்மடங்கு. ஏறத்தாழ 90,000 என்பது பலர் கூறும் மதிப்பீடு.

காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் துயில்கின்றனர். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எனக் கல்தோறும் எழுத்துண்டு. பிள்ளையின்றி இறந்த இருபது வயது வீரனையும் அக்கல் பெயர் சொல்லி அழைக்கிறது. தொழிலாளருக்கு அத்தகைய கல் இல்லை; படைப் பதிவேட்டில் இடம்பெறாதவருக்கு அரசுகள் கடன்பட்டதாகக் கருதவில்லை. துப்பாக்கி ஏந்தாதவர் வீரரல்லர் என்பது சட்ட நூலுக்குப் பொருந்தலாம். போரின் பொருட்டே அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர், போர்ப்பணியிலேயே மாண்டனர் என்பதை அச்சட்டம் மாற்றிவிடாது.

தமிழ் மரபு இதனை எவ்வாறு கண்டது? புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டொன்று தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோர்க்கு உரிய கடமைகளைப் பகுத்துரைக்கிறது. மகப்பேற்றையும் போரையும் ஒரே கணக்கில் வைத்த அப்பாட்டு, மகன் திரும்பாவிடில் யாருக்கு என்ன கடன் என்பதைக் கூறவில்லை. அதற்கு விடை கற்களில் உண்டு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என வீரக்கல் எடுக்கும் நிலைகள் ஆறனைத் தொல்காப்பியம் வகுத்தது. ஆநிரை மீட்டு மாண்ட எளியவர்க்கும் கல் நட்டனர். ஊர்ப் பெயரும் இறந்த வகையும் அதில் பொறித்தனர். கல்லோடு நின்றுவிடவும் இல்லை. மாண்டோரின் குடும்பத்தார்க்கு நிலம் அளித்து அதனை ‘உதிரப்பட்டி’ என வழங்கினர். குருதிக்கு ஈடாக நிலம் என்னும் அச்சொல்லை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும்: கடன் இறந்தாரிடம் தொடங்கி, எஞ்சியிருப்போரிடம் செலுத்தப்பட்டது.

2023இல் காஞ்சனபுரியின் பௌத்த விகாரை ஒன்றில், மலேசியர் முயற்சியால் இத்தொழிலாளர்க்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அதற்கு ‘நடுகல்’ என்றே பெயரிட்டனர். எண்பது ஆண்டுகள் கழிந்து வந்த கல் அது. அதனை எடுப்பித்தோருள் உயிர் பிழைத்தோரின் வழித்தோன்றல்களும் இருந்தனர். ஆயின், வழித்தோன்றலே இல்லாதொழிந்தோர் எத்துணைப் பேர்! தோட்டத்துப் பிள்ளைகளைத் தாமே பொறுப்பேற்று நினைக்கச் செய்வது இனி இயலாது. உறவினர் அற்றவர்க்கு நாடே உறவினராதல் வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு முதற்படி விழா எடுப்பதன்று, பெயர்களைத் தேடித் தொகுப்பது. தோட்டக் கூலிப் பதிவேடு, கோயில் வரவேடு, பாட்டிமார் நினைவு ஆகியவற்றில் எஞ்சியிருப்பவை சிலவே.

மலேசியாவில் 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பர். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையின. அங்குப் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டன் உடன்பிறந்தார் எத்தனை பேர், போருக்குப்பின் திரும்பி வந்தார் எத்தனை பேர் என வீட்டில் கேட்டு எழுதிவரலாம். ஒரு வகுப்பில் எட்டே மாணவர் எனினும் எட்டுக் குடும்பங்களின் ஏடு அது. ஆசிரியர் அதனைத் தொகுத்து, ஊர், தோட்டம், ஆண்டு குறித்து, பள்ளி நூலகத்தில் ஒரு படியும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு படியும் வைத்தல் வேண்டும்.